நைனா, போட்டில் தட்டுவது நீயா?

என்னைவிடப் பெரிய வாலான என் நைனாவுக்கு,

உன் மகள் ரேவதிதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கடற்கரை மணலில் உட்கார்ந்து, கெமிஸ்ட்ரி நோட்டின் பின்பக்கத்தில். அம்மா பக்கத்தில் இருக்கிறாள். மணி அண்ணன் கடலில் இருக்கிறான். நம் போட்டைச் சரிசெய்த பிறகு இன்றைக்குத்தான் முதல் முறையாக இறக்கியிருக்கிறான். அவன் திரும்பி வரும்வரை என் கை சும்மா இருக்காது. நகத்தையெல்லாம் கடித்து முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது பேனா.

சரிசெய்தோம் என்றால் அதற்கு என்ன ஆச்சு என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் குறுக்கே பேசாதே. உன்னால் இப்போது முடியாது என்று தெரியும், இருந்தாலும் உன்னை நம்ப முடியாது.

நீ போய் ஏழு மாசம் ஆகிவிட்டது. காரியம் முடிந்த மறுவாரமே அண்ணன் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிப் போய் உன் படத்தைப் பெரிய ஸ்டிக்கராக அடித்துக்கொண்டு வந்தான். சித்தப்பா கல்யாணத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நின்றாயே, அந்தப் படம். அதை போட்டின் வலது பக்கம், வெளியில், சரியாக நடுவில் ஒட்டினான். மற்ற போட்டுகளில் முருகன் துணை, எல்லையம்மன் துணை. நம்முடையதில் ‘நைனா துணை’. நம் குப்பத்திலேயே கூலிங் கிளாஸ் போட்ட சாமி நம்மிடம் மட்டும்தான்.

இரண்டு மாசத்துக்கு முன்னால்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. டொக். கொஞ்சம் விட்டு இன்னொரு டொக். மரத்தில் தட்டுகிற மாதிரி இல்லை, உள்ளே காலியாக இருக்கிற எதையோ முட்டியால் தட்டுகிற மாதிரி. போகும்போது வராது. வலை நனைந்து, மீன் ஏறி, கரையை நெருங்குகிற நேரத்தில் மட்டும் வரும்.

அண்ணன் நேராக வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்றான். “இன்னா வெச்ச? எங்க வெச்ச? ஒழுங்கா சொல்லிடு.”

தப்பு அவன் மேல் இல்லை. போன வருஷம் போட்டுக்குள், பலகைக்கு அடியில் இருக்கிற அறையில் நாலு கோலிக்குண்டைப் போட்டுவிட்டு, நீ ரெண்டு நாள் இன்ஜினையே கழற்றிப் போட்டுத் தேடினதை ஓரமாக நின்று பார்த்துச் சிரித்தவள் நான். கண்டுபிடித்த பிறகு நீ திட்டவே இல்லை. மறுநாள் ஸ்கூலில் டிபன் பாக்ஸைத் திறந்தால் தயிர் சாதத்துக்குள் நாலு கோலி. ஒன்றைக் கடித்தே விட்டேன். என் பல்லும் உன் புகழும் அன்றைக்கு ஆட்டம் கண்டன.

இந்தத் தடவை நான் எதையும் வைக்கவில்லை என்று உன் மேல் சத்தியம் பண்ணினேன். செத்துப்போன ஆள் மேல் சத்தியம் பண்ணினால் யாருக்கு நஷ்டம் என்று அண்ணன் கேட்டான். அதோடு போட்டைத் தலைகீழாகக் கவிழ்க்காத குறையாகத் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் அம்மாதான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“அது உங்க நைனாடா. அவருதான் தட்டிகினு கீறாரு.”

நைனா, அந்த நிமிஷம் எனக்கே சிலிர்த்துவிட்டது. கரையை ஒட்டி அலை உடைகிற இடத்துக்கு வெளியே போட்டை நிறுத்திக்கொண்டு, அலையை எண்ணி, சரியான அலை வந்ததும் நடுப்பலகையில் ரெண்டு தட்டுத் தட்டுவாயே. டொக், டொக். எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், உள்ளே போகிறோம் என்று அர்த்தம். அந்தச் சத்தமும் அதே இடத்தில், அதே பலகையில், அதே ரெண்டு. அம்மா நம்பாமல் என்ன செய்வாள்?

மறுநாளிலிருந்து நடுப்பலகைக்கு ஒரு முழம் பூ. கோபி மாமாவை நீ அறிவாய், அம்மாவின் தம்பி, அண்ணனோடு கடலுக்குப் போகிறவர். அவர் மட்டும், “மாமா செத்தும் வேல வாங்கறாரு பாரு” என்று முணுமுணுத்தார். ஆனால் பூவை அவரும் மிதிக்காமல் தாண்டித்தான் போனார். சத்தம் கேட்ட முதல் ரெண்டு நாளும் நல்ல மீன்பாடு வேறு கிடைத்தது. கேட்க வேண்டுமா?

எனக்கு மட்டும் இது சரியாகப் படவில்லை. நீ இருந்தபோது ஒரு ஆணி ஆடினாலும் அன்றைக்குப் போட் இறங்காது. இப்போது ஏதோ ஒன்று ஆடுகிறது, அதற்குப் பூ வைத்துக் கும்பிடுகிறோம். அண்ணனிடம் சொன்னால், கோலி வைத்தவள் சொல்வதைக் கேட்க நான் என்ன கேணையா என்கிறான். கம்பெனி வேலைக்காவது போயேன், மறைமலைநகருக்கு பஸ் வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே வருகிறதே என்று கூடச் சொன்னேன். நைனாவைக் கடலில் தனியாக விட்டுவிட்டா என்று கேட்டான். அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

கரையில் நிற்கும்போது நான் போட்டில் ஏறலாம், தண்ணீரில் இருக்கும்போது கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் கோபி மாமாவைப் பிடித்தேன். போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுவரச் சொன்னேன். முதலில் இன்ஜின் சத்தம்தான் வந்தது, அடுத்து அவருடைய தும்மல். மூன்றாவது நாள் டொக் கிடைத்தது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தோம். ஒரு நாள் நங்கூரத்தைச் சாக்குக்குள் சுற்றி வைத்தார். சத்தம் வந்தது. எண்ணெய் கேனைக் கயிறு போட்டுக் கட்டினார். வந்தது. இன்ஜினை மாட்டுகிற இடத்தில் ரப்பர் வைத்து முடுக்கினார். அப்போதும் வந்தது. மாமாவுக்கே முகம் மாறிவிட்டது. “இன்னாமே, மெய்யாலுமே மாமாதானா?” என்று என்னிடம் கேட்கிறார். என்னிடம் போய்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் நானே ஏறினேன். ஒரு ரூபாய்க் காசால் உள்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல ஃபைபர் ‘டிக்’ என்று கெட்டியாகச் சொல்லும், விட்டுப்போன ஃபைபர் மந்தமாகச் சொல்லும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். டிக், டிக், டிக். நடுப்பலகை வலது சுவரோடு சேருகிற மூலைக்கு வந்ததும் ‘டப்பு’. துட்டுக்கு இன்னொரு பேர் டப்பு, டப்பால் தட்டினால் டப்பென்றுதானே கேட்கும் என்று எனக்கே ஒரு ஜோக்கைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அந்தப் பலகைதான் ரெண்டு பக்கச் சுவரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அது ஒட்டியிருந்த இடம் ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருந்தது. என் சுண்டுவிரல் நகம் உள்ளே போனது. பாரம் ஏறி, கரையோரத்து அலை பக்கவாட்டில் மோதும்போது சுவர் உள்ளே வந்து பலகையில் இடிக்கிறது. டொக். திரும்பிப் போய் மறுபடி இடிக்கிறது. டொக்.

நீ இல்லை, நைனா. அதைக் கண்டுபிடித்தபோது சந்தோஷப்பட்டேனா, அழுதேனா என்று கேட்காதே.

இப்போதுதான் நான் செய்த தப்பு வருகிறது. போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டில் ஓட்டு மூன்று, அதில் ரெண்டு உன் பக்கம். போட்டில் இருந்தது ஒரு ஒட்டு, அதுவும் விட்டுப்போச்சு. சொன்னால் நம்ப மாட்டார்கள், காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தேன். பழைய ரப்பர் செருப்பை வெட்டி, மடித்து, அந்த இடுக்கில் அழுத்திச் சொருகினேன். நாளைக்குச் சத்தம் வராது. ஆவியாக இருந்தால் செருப்புத் துண்டுக்கு அடங்குமா என்று கேட்டு, எல்லோர் வாயையும் அடைத்துவிடலாம். போட் இறங்குவதற்கு முன்னால் கோபி மாமாவிடம் மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று அலாரமும் வைத்தேன்.

போனில் சார்ஜ் தீர்ந்துபோய் அலாரம் அடிக்கவில்லை. எழுந்தபோது பளபளவென்று விடிந்திருந்தது. போட் போய்விட்டது.

அம்மாவின் போனை எடுத்து மாமாவின் போனுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தேன். அந்தப் பொம்பளைக் குரலை அன்று காலை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது, அவளுக்கே என் மேல் பரிதாபம் வந்திருக்கும். ஒன்றும் ஆகாது, சத்தம்தானே நின்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் வேறு ஒன்று உறைத்தது. போன வாரம் சாப்பிடும்போது அண்ணன் அம்மாவிடம் சொன்னது. இப்பல்லாம் நான் அலையை எண்ணுவதே இல்லம்மா, நைனா தட்டினதும் உள்ளே வந்துவிடுகிறேன் என்று.

நைனா தட்டவில்லை என்றால் என்ன செய்வான்?

கரைக்கு ஓடினேன். மற்ற போட்டுகள் ஒவ்வொன்றாக வந்து ஏறிக்கொண்டிருந்தன. நம் போட் அலை உடைகிற இடத்துக்கு வெளியே நின்றது. தெற்கத்திக் காற்றில் அலை பெரிதாக இருந்தது. ஒரு நல்ல அலை வந்தது, விட்டான். இன்னொன்று வந்தது, அதையும் விட்டான். பாரத்தோடு பக்கவாட்டில் ஆடிக்கொண்டு, காத்துக்கொண்டு நின்றான். கரையில் இருந்தவர்கள், இன்ஜின் கோளாறோ என்று பேச ஆரம்பித்தார்கள். எனக்கு மட்டும் தெரியும் அவன் எதற்கு நிற்கிறான் என்று. உனக்காக.

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு மறுபடி அடித்தேன். இந்தத் தடவை மாமா எடுத்தார்.

“ரேவதி, அப்பால பேசு. இங்க தண்ணி உள்ள வந்துகினு கீது. எங்கேருந்துன்னே தெர்ல, மொண்டு ஊத்திகினு கீறேன்.”

“மாமா, போன வெச்சிடாத. அண்ணன் இன்னாத்துக்கு நிக்கிது?”

“உங்க நைனா இன்னும் தட்டலயாம்.”

“தட்ட மாட்டாரு மாமா. நான்தான் ரப்பர் சொருகி சத்தத்த நிறுத்திட்டேன். நைனா இல்ல. அது போட்டு ஒடையற சத்தம். வரச் சொல்லு மாமா.”

போனில் மாமா அண்ணனிடம் ஏதோ கத்துவது கேட்டது. அண்ணன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. போட்டின் மூக்கு மெல்லக் கரைப்பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ இருந்தால் திட்டியிருப்பாய், கடலைப் பார்த்துக் கண்ணை மூடுகிறவள் ஒரு மீனவன் பெண்ணா என்று. திட்டியிருக்கலாம். கேட்டுக்கொண்டிருப்பேன்.

வந்துவிட்டார்கள். ரெண்டு பேரும் முழங்கால் வரை தண்ணீரில் நின்றார்கள், போட்டுக்குள்ளேயே. வெளியில் பார்த்தால் உன் ஸ்டிக்கரின் கீழ் ஓரத்தில் இருந்து தண்ணீர் சொட்டியது. உன் கூலிங் கிளாஸுக்குக் கீழே சரியாக. அழுகிற மாதிரி.

அண்ணன் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மணலில் உட்கார்ந்து அந்தச் செருப்புத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம், “ரெண்டு மாசமா அவர்கிட்ட பேசிகினு இருந்தேன் ரேவதி” என்றான். அவ்வளவுதான்.

ஃபைபர் வேலை செய்கிற பாபு அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தோம். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார், வெளியே தட்டிப் பார்த்தார். சுவரில் விரிசல் விட்டிருக்கிறது, ஆனால் ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பதால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை என்றார். நான் சொருகியதையும் பார்த்தார். “சத்தத்த அமுக்கிட்டா ஒட்டிக்குமா பாப்பா? சத்தமாச்சும் சொல்லிகினு இருந்திச்சி. நீ ஆப்பு அடிச்சி இன்னும் பொளந்துட்ட.” அண்ணனுக்கு எத்தனையோ தடவை ஆப்பு வைத்திருக்கிறேன், நைனா. நிஜமாகவே ஆப்பு வைத்தது இதுதான் முதல் தடவை. இதற்கு ஜோக் இல்லை என்னிடம்.

வேலை ஆரம்பிக்க வேண்டுமானால் ஸ்டிக்கரை உரித்து, அந்த இடத்தைக் கிரைண்டர் போட்டுத் தேய்க்க வேண்டும். உன் முகத்தின் மேல். பாபு அண்ணன் கிரைண்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அண்ணன் முடியாது என்கிறான். உள்பக்கம் மட்டும் ஒட்டு, வெளியே வேண்டாம் என்கிறான். கோபி மாமா வானத்தைப் பார்க்கிறார். நான் எந்த முகத்தோடு பேசுவேன்?

அம்மா வந்தாள். முந்தானையால் உன் முகத்தில் இருந்த உப்பைத் துடைத்தாள். பிறகு ஓரத்தில் நகத்தை விட்டு உரிக்க ஆரம்பித்தாள்.

“யம்மா,” என்றான் அண்ணன்.

“உங்க நைனா மூஞ்சி வூட்டு செவுத்துல கீது. உன் மூஞ்சிக்கு நான் எங்கடா போவேன்?”

பாதி உன் முகம் அம்மா கையோடு வந்தது, மீதி பிய்ந்து பிய்ந்து வந்தது. அடியில் விரிசல் தெரிந்தது. தலைமுடி மாதிரி மெல்லிசாக ஆரம்பித்து, கீழே போகப் போக அகலமாகி, ஒரு முழம் இருக்கும். அதைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து போய், பாபு அண்ணன் கையில் இருந்த கிரைண்டரை வாங்கிக்கொண்டான். தேய்ப்பதை அவனே தேய்த்தான்.

மூன்று நாள் வேலை. விரிசல் இன்னும் ஓடாமல் இருக்க அதன் நுனியில் ஓட்டை போட்டார்கள். பலகையும் சுவரும் சேருகிற மூலையை நன்றாகக் காயவைத்து, மேட் என்கிற ஃபைபர் துணியை அடுக்கு அடுக்காக வைத்து ரெசின் பசை பூசினார்கள். மேட் வெட்டிக்கொடுத்தது நான். வாரம் முழுக்க உடம்பெல்லாம் அரிப்பு. ஊரை அரித்தவளுக்கு இப்போதுதான் சரியான பதில் என்று மாமா சொன்னார். வாங்கி வைத்துக்கொண்டேன். காய்ந்ததும் அண்ணனே காசை என் கையில் கொடுத்து, தட்டிப் பார் என்றான். டிக், டிக், டிக். எல்லா இடத்திலும் டிக். நான் ரெண்டாவது தடவையும் தட்டினேன். மூன்றாவது தடவை தட்டும்போது, போதும் என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்படித்தான் இன்றைக்கு இறங்கினான். நேற்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒட்டு நிற்குமா? நான் தட்டாமல் விட்ட இடம் ஏதாவது இருக்குமா? அதைவிட, அந்த அலை உடைகிற இடத்தில் வந்து நிற்கும்போது அவன் என்ன செய்வான்? ரெண்டு மாசமாக எண்ணாத அலையை எண்ணத் தெரியுமா அவனுக்கு?

இரு. அம்மா கையைக் காட்டுகிறாள். நம் போட்தான். வலது பக்கம் வெள்ளையாக ஒட்டுப் போட்ட இடம் தெரிகிறது. வெளியே நிற்கிறான், நைனா. ஒரு அலையை விட்டான். இன்னொன்றையும் விட்டான். அம்மா ஏதோ வேண்டிக்கொண்டிருக்கிறாள், உதடு மட்டும் அசைகிறது. போனை எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். இன்னும் நிற்கிறான். அலை ஒன்று வருகிறது, பெரிது, இதில் வேண்டாம், அண்ணா இதில் வேண்டாம். விட்டுவிட்டான். நான் அப்புறம் எழுதுகிறேன்.

வந்துவிட்டான்.

கை ஈரம், நோட்டெல்லாம் மணல், மன்னித்துக்கொள். போட்டை இழுத்து மேலே ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. மூலையைத் தடவிப் பார்த்தேன், இரும்பு மாதிரி இருக்கிறது. அண்ணன் குதித்து இறங்கினதும் அம்மா அவன் ஈரத் தலையில் கை வைத்துக்கொண்டு, “நைனா இன்னா சொன்னாரு?” என்று கேட்டாள்.

அவன் கடலைத் திரும்பிப் பார்த்தான். “ஒண்ணும் சொல்லலம்மா. ஒம்போது அலைய உட்டேன். பத்தாவதுல நானே வந்துட்டேன்.”

அம்மா தலையை ஆட்டினாள். நீ செத்துப்போனது ஏழு மாசத்துக்கு முன்னால், உன்னை ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவந்த அன்று இல்லை, இன்றைக்குக் காலையில்தான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் உனக்கு வருத்தமா? இருக்காது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எப்படித் தெரிந்துகொள்வது?

ஒன்று மட்டும் சொல்கிறேன், இது சத்தியம். யார் மேலும் இல்லை, என் மேலேயே. இனி அந்தப் போட்டில் நான் எதை வைத்தாலும், எதை எடுத்தாலும், எந்தச் சத்தத்தைக் கேட்டாலும், அண்ணன் கால் தண்ணீரில் படுவதற்கு முன்னால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அவன் நம்பாவிட்டால் மறுபடி சொல்வேன். திட்டினால் திட்டட்டும். மற்ற ஊர் வம்பையெல்லாம் விடுவதாக இல்லை, அதை எதிர்பார்க்காதே.

உனக்கு மகளும்,
மணிக்குத் தங்கச்சியுமான
ரேவதி